கோமதிநாயகம் எழுந்திருக்கக் கூடாது

பாளையங்கோட்டை சுந்தரவேல் நகர் மூன்றாம் தெருவில், இடப்பக்கம் நாலாவது வீட்டு ஹாலில், மெரூன் கலர் சோபாவில் கோமதிநாயகம் என்ற நாற்பத்தோரு வயது மனிதன் இருக்கும் வரைக்கும்தான் அந்தத் தெருவில் குக்கர் விசில் கேட்கும், குழந்தை அழுவது கேட்கும், பால்காரர் மணி கேட்கும், அவன் எழுந்துவிட்டால் ஒன்றும் கேட்காது என்பது ஊரறிந்த விஷயம். ஊரறியாத விஷயம் என்னவென்றால், அதற்கு முன்னால் அந்த வீட்டில் அவனை ஒரு சாமானாகக்கூட ஒருத்தரும் மதித்ததில்லை. இல்லை, தப்பு. சாமானாக மதித்தார்கள். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

கோமதிநாயகம் சித்திரை மாதத்தில் ஒரு தோள்பையோடு அக்கா வீட்டுக்கு வந்தவன். சங்கரன்கோவிலில் அவன் வேலை பார்த்த செல்போன் ரிப்பேர் கடையை முதலாளி இழுத்து மூடிவிட்டு மகனிடம் சிங்கப்பூர் போய்விட்டார். ரெண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போடா என்று பிரமு அக்கா போனில் சொன்னாள், அவனும் ரெண்டு நாளைக்குத்தான் துணி எடுத்து வந்தான். அக்காவின் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபைக் கட்டிக் காத்து ரிட்டயர் ஆனவர், வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது பிரமுவோட தம்பி, ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்திருக்கான்" என்று ஆனி மாதம் வரைக்கும் முகம் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "இவன்" என்று சொல்ல மாட்டார், "இது" என்றுதான் சொல்வார். கோமதிநாயகம் கடைக்குப் போவான், மாவு அரைத்து வருவான், நாலு இடத்துக்கு வேலைக்கு எழுதிப் போடுவான், மிச்ச நேரத்துக்கு அந்தச் சோபாவில் ஒரு காலைக் கைப்பிடி மேல் போட்டுக்கொண்டு கிடப்பான். வேறு எங்கே கிடக்க? இருந்ததே ஒரு ஹால்.

அந்த ஹாலில் ஆவுடையப்பனின் உயிர் இருந்தது. இடுப்பு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், இடிச்சத்தத்துக்கு என்று தனியாக ஒரு சதுரப் பெட்டி, நேர் எதிரே அவர் மட்டும் உட்காரும் பிரம்பு நாற்காலி. கடையில் கேட்டபோது கந்தர்வ லோகம்போல இருந்த ஸ்பீக்கர், வீட்டுக்கு வந்ததும் அண்டாவுக்குள்ளிருந்து ஆள் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. மனுஷன் விடுவாரா? ஸ்பீக்கரை நகர்த்தினார், நாற்காலியை நகர்த்தினார், ஜன்னலுக்குக் கம்பளி கட்டினார், பிரமுவின் கொலு பொம்மை ஷோகேஸ்தான் குற்றவாளி என்று அதை அடுப்பங்கரைக்கு நாடு கடத்தினார். அப்புறம் ஒரு நாள் யூட்யூபில் யாரோ ஒரு மகான் சொன்னார், குற்றம் ஸ்பீக்கரிலும் இல்லை, பொம்மையிலும் இல்லை, அறையில் இருக்கிறது, அதற்கு டி.எஸ்.பி. என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது என்று. எட்டாம் நாள் அது கூரியரில் வந்து இறங்கியது.

அந்தப் பெட்டியின் வேலை கேட்பதற்கு ரொம்ப எளிது. ஸ்பீக்கரிலிருந்து புறப்படும் சத்தம் நேராகக் காதுக்கு வருவதில்லை, சுவரில் முட்டி, தரையில் விழுந்து, வழியில் சிலது கூடி, சிலது குறைந்துதான் வந்து சேர்கிறது. காது இருக்கிற இடத்தில் ஒரு மைக்கை நிறுத்தி வைத்தால், பெட்டி அடிவயிற்று உறுமலிலிருந்து எலிக்கீச்சு வரைக்கும் 'ஊய்ங்' என்று ஒரே இழுப்பாக ஒரு சத்தத்தை விட்டுப் பார்க்கும், அந்த அறை எதைக் கூட்டுகிறது, எதைத் தின்கிறது என்று எண் எண்ணாகக் கணக்குப் போடும், பிறகு பாட்டு போடும்போது, அறை கூட்டப்போவதை முன்கூட்டியே குறைத்து, தின்னப்போவதை முன்கூட்டியே சேர்த்து அனுப்பிவிடும். கூடவே வந்த புத்தகத்தில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: அளக்கும்போது அறையில் வழக்கமாக இருக்கும் சாமான்கள் எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்க வேண்டும்.

நெல்லையப்பர் தேரோட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆவுடையப்பன் அளக்க ஆரம்பித்தார். பேனை நிறுத்தினார், பிரமுவை வெளியே அனுப்பினார், நாற்காலியில் மைக்கை நிறுத்தினார். கோமதிநாயகம் மரியாதையாகச் சோபாவை விட்டு எழுந்து வெளியே போகப் பார்த்தான். ஆவுடையப்பன் புத்தகத்தின் தடித்த எழுத்தை ஒரு தடவை பார்த்தார், அவனை ஒரு தடவை பார்த்தார்.

"நீ எங்க போற மாப்ள? நீ கெட. நீயும் வழக்கமா கெடக்கிற சாமான்தான்."

அவருக்கு அது தமாஷ். அவனும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படுத்தான். பெட்டி 'ஊய்ங்' என்றது, ஏழு தடவை சொன்னது, கணக்கை முடித்தது. லேப்டாப்பில் கோடு ஒன்று விழுந்தது, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு. ஆவுடையப்பன் ஒரு பழைய பாட்டைப் போட்டார், பாடுகிறவர் ஹாலுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷமாக ஒரு கல்யாண நாளைக்கும் கண் கலங்காத மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் மச்சினனுக்கும் சேர்த்து மோர் கேட்டார். அதை எடுத்து வரக் கோமதிநாயகம் எழுந்தான்.

எழுந்ததும் சத்தம் நின்றது. பாட்டு மட்டும் நின்றிருந்தால் பியூஸ் என்று விட்டிருக்கலாம். அடுப்பங்கரையில் மிக்ஸி சுற்றியது, சத்தம் இல்லை, குக்கர் ஆவி விட்டது, விசில் இல்லை, பிரமு வாயைத் திறந்து என்னவோ கத்தினாள், அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. தெருவில் ஆட்டோ ஓடியது, நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது, முனையில் இருந்த பிள்ளையார் கோயிலில் குருக்கள் மணியை ஆட்டிவிட்டு அதன் நாக்கு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கோமதிநாயகம் பயந்துபோய்த் திரும்பவும் சோபாவில் விழுந்தான், விழுந்த கணத்தில் எல்லாச் சத்தமும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பெட்டி அவனையும் சேர்த்துத்தானே கணக்குப் போட்டிருந்தது, அவன் இல்லாவிட்டால் அதன் கணக்கு எப்படி நேராகும்? ஆவுடையப்பன் அவனை ஆறு தடவை எழுப்பி ஆறு தடவை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

நம் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் ஆச்சரியப்பட மாட்டார்கள். முதல் மூன்று நாள் தெருவே காது டாக்டரிடம் போய் வந்தது. நாலாம் நாள் விஷயம் தெரிந்து எல்லோரும் ஹாலுக்கு வந்து அவனைப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் மூன்றாம் தெரு நலச்சங்கம் கூடியது, செயலாளர் எபனேசர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கோமதிநாயகம் காலைக்கடனுக்குப் போகும் நேரம், குளிக்கும் நேரம், இடையிடையே எழுந்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி, டைப் அடித்து, டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஒட்டினார். காலை ஆறு பத்திலிருந்து ஆறு முப்பத்தைந்து வரை சத்தம் இருக்காது, பொதுமக்கள் ஒத்துழைக்கவும். தண்ணீர் நிறுத்தம், மின் நிறுத்தம் மாதிரி இதுவும் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். குருக்கள் தீபாராதனையை ஆறு நாற்பதுக்கு மாற்றிக்கொண்டார், சாமி ஒன்றும் சொல்லவில்லை. டியூஷன் டீச்சர் அந்த இருபத்தைந்து நிமிஷத்தை எழுத்து வேலைக்கு ஒதுக்கினாள். கைக்குழந்தைக்காரிகள் மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அவன் கொஞ்ச நேரம் எழுந்து நிற்க முடியுமா என்று மனு கொடுத்தார்கள். சில வீடுகளிலிருந்து போன் வரும், நாயகம் சார், ஒரு பத்து நிமிஷம் எந்திரிச்சு நில்லுங்களேன், மாமியார் வந்திருக்காக என்று. அதே வீட்டு மாமியாரிடமிருந்து பின்னாலேயே இன்னொரு போன் வரும், தம்பி, நீ உக்காந்தே இரு, நான் இன்னும் பேசி முடிக்கல என்று.

நாயகம் சார்! கேட்டீர்களா? ஏழு வாரத்துக்கு முன்னால் 'இது' என்று இருந்தவன். முடிவெட்டுகிறவர் சோபாவுக்கே வந்து வெட்டினார். ஓணத்துக்குப் பாயசம், ரம்ஜானுக்குத் தவறவிட்ட பிரியாணி பக்ரீத்தில் வட்டியோடு, ஒன்பதாம் வீட்டுக் கிறிஸ்தவக் கல்யாணத்துக் கேக் எல்லாம் சோபாவுக்கே வந்தன. அவன் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தெருப் பெண்களின் குரல் லேசாகக் கட்டும் என்று கண்டுபிடித்து, நேராகப் படுக்கும்படி அன்பாகக் கேட்டுக்கொண்டார்கள், சங்கத்தின் சார்பில் தலையணை வந்தது. இளைக்கக் கூடாது என்றார்கள், இளைத்தால் கணக்கு மாறும், பருக்கவும் கூடாது என்றார்கள். டாக்டர் ஒருத்தர் வந்து பார்த்து, இவர் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் வீங்கும் என்றார், அந்த நேரம் பார்த்து அவன் காலை லேசாகத் தூக்கியதால் டாக்டர் சொன்னது பாதிதான் கேட்டது, கேட்ட பாதியைச் சங்கத்து மினிட்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மாற்று ஏற்பாடு எதுவும் பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது, பார்த்தார்கள். எழுபத்து நாலு கிலோவுக்கு அரிசி மூட்டை கட்டி, அதற்குக் கோமதிநாயகத்தின் லுங்கியையும் உடுத்திச் சோபாவில் கிடத்தினார்கள். சத்தம் வந்தது, ஆனால் ஊரே வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு பேசியது. அதே எடையில் ஐந்தாம் வீட்டு டிரைவரை உட்கார வைத்தார்கள், எல்லோர் குரலும் பொம்மைக் குரலாகக் கீச்சிட்டது. தொந்திக்குத் தொந்தி உறிஞ்சுற சத்தம் வேறே என்று ஆவுடையப்பன் விளக்கம் சொன்னார். அப்படியென்றால் அவன் இல்லாமல் திரும்ப ஒரு தடவை அளந்துவிட்டால் என்ன என்று எபனேசர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டார். ஆவுடையப்பன் லேப் மாணவர்களைப் பார்த்து முப்பது வருஷம் பழகிய பார்வையால் அவரைப் பார்த்து, அவன் எந்திரிச்சா சத்தமே வராது, சத்தம் இல்லாம எதை அளக்க என்றார். அதற்கு மேல் யார் பேசுவார்கள்? சங்கம் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஒருத்தர்கூட அதைச் செய்து பார்க்கவில்லை. உண்மையில் ஆவுடையப்பனுக்கு அந்த நேர்கோட்டைத் தொட மனசில்லை, அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

கோமதிநாயகத்துக்கும் மனசில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ரிப்பேர் கடையில் பதினாறு வருஷம் குனிந்தே உட்கார்ந்திருந்தவன், ஒரு பந்தியில்கூட அவன் வந்தானா போனானா என்று யாரும் பார்த்ததில்லை, இப்போது அவன் எழுந்தால் இருபத்திரண்டு வீடு திரும்பிப் பார்க்கிறது. ராத்திரி கால் வீங்கி வலித்தது, பகலில் அந்த வலி ஒரு மாதிரி பெருமையாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் உலகம்மை வந்தாள். புளியங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், முப்பத்தெட்டு வயது, தகப்பனாரைப் பார்த்துக்கொள்வதிலேயே கல்யாணம் தள்ளிப்போய், தகப்பனாரும் போய், தனியாக இருந்தவள். கோமதிநாயகம் சங்கரன்கோவிலில் இருந்த காலத்தில் அவள் கடை மிஷினுக்கு ஒரு போர்டு சரிசெய்து கொடுத்தான், அதிலிருந்து பேச்சு, நாலு வருஷமாகப் போனில் பேச்சு. ரெண்டு பேருக்கும் பிடித்திருந்தது. வேலை ஒன்று கிடைத்ததும் வந்து கேட்கிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், அவள் கடையில் பாதி இடத்தில் ரிப்பேர் மேஜை போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புரட்டாசி பிறந்த பிறகும் அவன் வரக் காணோம் என்றதும் அவளே பஸ் ஏறிவிட்டாள்.

பிரமு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். உலகம்மை அவனை ஏற இறங்கப் பார்த்தாள், வீங்கின காலைப் பார்த்தாள், சங்கத்துத் தலையணையைப் பார்த்தாள். அவன் தன் நிலைமையை விளக்கினான், இருபத்திரண்டு வீடு, பிள்ளையார் கோயில், கைக்குழந்தைகள், மந்திரி ஒருத்தர் பேச்சு மாதிரி இருந்தது. அவள் முழுசும் கேட்டாள்.

"மறுபடி அளக்குற பட்டன் அதுல இருக்கும்லா?" என்று கேட்டாள். "என் ஜெராக்ஸ் மிஷின்லயே இருக்கு."

"இருக்கு."

"அமுக்குனா என்ன ஆகும்?"

"நான் இல்லாமலே எல்லாம் கேக்கும்."

"அது நல்லதுதான?"

அவன் சங்கத்துத் தலையணையை நேராக்கினான். நல்லதுதான் என்று வாயால் சொல்ல ஒரு நொடி ஆகும், அந்த ஒரு நொடிக்குப் பிறகு அவன் யார்? உலகம்மைக்குப் புரிந்தது, புரிந்ததால் அவள் கண் நிறைந்தது, ஆனால் குரல் மாறவில்லை.

"புரட்டாசியில ஒண்ணும் வைக்க முடியாது. ஐப்பசி ஆறாம் தேதி முகூர்த்தம் கேட்டிருக்கேன், கோயில்ல வச்சு ரெண்டு மாலை போதும். வாறதுன்னா அஞ்சாம் தேதி வந்துருங்க. வரலைன்னா போன்ல சொல்லிருங்க. எனக்கும் வயசாகுது, வாசலப் பாத்துக்கிட்டே நிக்க முடியாது."

அவள் போன பிறகு அவன் பத்து நாள் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தான். ஆவுடையப்பனிடம் சொல்லிப் பார்த்தான். அவர், கல்யாணம் தானே மாப்ள, தாராளமாப் பண்ணு, பொண்ணு இங்க வந்துரட்டும், சோபாவுல இன்னும் ஒரு ஆளுக்கு எடமிருக்கே என்றார், உடனே யோசித்து, இல்ல வேண்டாம், கணக்கு மாறிரும், அந்தப் பிள்ள அடுப்பங்கரையில இருக்கட்டும் என்றார். நலச்சங்கம் இன்னும் பெருந்தன்மையாக, தாலி கட்டும் நேரத்துக்கு அரை மணி நேரம் தெரு அமைதி காக்கும் என்று தீர்மானம் போட்டது. மணமகளைப் பாளையங்கோட்டைக்கு வரவேற்று நோட்டீசுக்கு நாலு வரியும் எழுதி வைத்தார் எபனேசர்.

ஐப்பசி ஐந்து ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அன்று காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் சங்கத்தின் பொதுக்குழு, சோபாவுக்கு உறை மாற்றுவது பற்றி. ஆவுடையப்பன் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் பிரமு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவள் அந்த மூன்றரை மாதமும் வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை, தம்பியைப் பார்க்கும் போதெல்லாம் ஒரு சுண்டலோ ஒரு காபியோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். இப்போது மைக்கை எடுத்து வந்து பிரம்பு நாற்காலியில் நிறுத்தினாள், அவன் தோள்பையைத் தூக்கிக் கையில் கொடுத்தாள்.

"ஒன்ன சாமான்னு சொன்ன அன்னைக்கே நான் சண்ட போட்டிருக்கணும்," என்றாள். "எந்திரி."

சத்தம் வராமல் எப்படி அக்கா அளக்கும் என்று அத்தானின் சாக்கையே அவனும் எடுத்தான். அவர் சொன்னாருன்னா சரியா இருக்குமா என்று அவள் கேட்டாள். முப்பது வருஷக் குடித்தனத்தின் சாரம் அந்தக் கேள்வியில் இருந்தது. அவன் எழுந்தான், தெரு அடங்கியது, வாசலுக்கு வெளியே போய் நின்றான். பிரமு பட்டனை அமுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் லேப்டாப்பில் கோடு எழும்பி எழும்பி விழுந்தது. சத்தம் எங்கேயும் போகவில்லை, மனுஷக் காதுக்குத்தான் வரவில்லை, பெட்டிக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஏழு ஊய்ங்குக்கு நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷமும் பிரமு ஹாலுக்குள் நின்றபடி அவனைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள், உதடு அசைந்தது, கை அசைந்தது, ஒரு தடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினாள். அவனும் வெளியே நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

கோடு முடிந்தது. குக்கர் அடங்குகிற சத்தம், பக்கத்து வீட்டு டி.வி., கோயில் மணி, எல்லாம் வந்தன.

"என்னக்கா சொன்ன?"

"ஒண்ணுமில்லலே. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன்."

சத்தம் நின்றதும் பொதுக்குழு பாதியில் கலைந்து, ஆவுடையப்பன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். வரும்போதே சத்தம் திரும்பிவிட்டதால் வாசலில் நிதானமானார், செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், காலிச் சோபாவைப் பார்க்கவில்லை, லேப்டாப்பைத்தான் பார்த்தார். அதில் விழுந்திருந்த கோடு சாமி படத்துப் பக்கம் மாட்டியிருந்த கோட்டைவிட நேராக இருந்தது. அவர் மெதுவாகப் போய் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பழைய பாட்டைப் போட்டார். பாடுகிறவர் இந்தத் தடவை ஹாலுக்குள் வந்து உட்கார்ந்ததோடு நிற்காமல் மூச்சு வாங்கினார், எச்சில் விழுங்கினார், அவருக்குப் பின்னால் தபலா வாசித்தவர் மோதிரம் போட்டிருந்தது தெரிந்தது. ஆவுடையப்பனின் கண் தானாக மூடிக்கொண்டது. மச்சினனின் வயிறு இத்தனை மாதமாக எவ்வளவு சத்தத்தைத் தின்றிருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம்.

கோமதிநாயகம் தெருவை எட்டிப் பார்த்தான். டியூஷன் நடந்தது, மாமியார் பேசிக்கொண்டிருந்தாள், எபனேசர் கம்பத்தில் ஒட்டிய கால அட்டவணையைக் கிழித்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டு யாரிடமோ குப்பை வண்டியைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டு போனார். ஒருத்தரும் நாலாவது வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் அவன் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான். சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது என்று அவன் பையோடு உள்ளே வந்து, நாற்காலிக்கு முன்னால், ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் நின்றான்.

"அத்தான், நான் போயிட்டு வாறேன்."

ஆவுடையப்பன் கண்ணைத் திறக்கவில்லை. வலது கையை மட்டும் தூக்கி, ஈ ஓட்டுகிற மாதிரி பக்கவாட்டில் அசைத்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு மாப்ள. மறைக்குது."

கோமதிநாயகம் தள்ளி நின்றான். வாசல் வரைக்கும் தள்ளி நின்றான், தெருமுனை வரைக்கும் தள்ளி நின்றான், புளியங்குடி பஸ் வந்ததும் அதில் ஏறி இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றான், உட்கார இடம் இல்லை.